எங்கயோ பூமி குலுங்குனா டெல்டாவுலேர்ந்து என்ன அனுப்பறது? அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். 2018ல கஜா புயல் அடிச்சப்ப எங்க ஏரியாவுக்கு வந்த நிவாரண சாமான பிரிச்சு குடுக்கற வேலைய நாங்க நாலஞ்சு பேர் பாத்தோம். அதுலேர்ந்து உலகத்துல எங்க நிலநடுக்கம்னாலும் எனக்கு போன் வர ஆரம்பிச்சிடுது, நான் என்னமோ ஐநா சபையில வேல பாக்கற மாதிரி. 2023ல துருக்கி, 2025 மார்ச்ல மியான்மர், அப்பறம் ஆப்கானிஸ்தான், எல்லாத்துக்கும் அதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்ட கட்டிப் போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

அண்ணே, வீட்ல ரெண்டு மூட்டை பழைய துணி இருக்கு, நல்ல துணிதான். அனுப்பலாமா?

வேணாம். ஏன்னு கேட்டீங்கன்னா நம்ம ஊரு கதையத்தான் சொல்லணும்.

2004 சுனாமியும் நிலநடுக்கத்தால வந்ததுதான். டிசம்பர் 26 காலைல ஆறர மணி வாக்குல சுமத்ராகிட்ட கடலுக்கு அடியில 9.1 அளவுல குலுங்குச்சு, ரெண்டர மணி நேரம் போல கழிச்சு அல நம்ம கரைக்கு வந்துடுச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்துப் போனாங்க, அக்கரைப்பேட்டை கீச்சாங்குப்பம்லாம் சொல்லவே வேண்டியதில்ல. அடுத்த ரெண்டு மூணு நாள்ல லாரி லாரியா பழைய துணி வந்து எறங்குச்சு. அத வாங்கறதுக்கு ஆள் இல்ல. ரோட்டோரம் குமிச்சு குமிச்சு கெடந்துச்சு, மழ பேஞ்சு நனஞ்சு நாத்தம், மாடு வந்து புடவ முந்தானைய மென்னுகிட்டு நிக்கும். நான் அப்ப காலேஜ், எங்க மாமாவோட போயிருந்தேன். ஒரு குமியல்ல ஜிகினா வச்ச கல்யாண ரவுக்க ஒண்ணு, சிம்லாவுக்குப் போடற மாதிரி கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு, ஒத்தக் கால் ஹீல்ஸ் செருப்பு ஒண்ணு. ஜோடிய காணும்.

நேத்து வரைக்கும் சொந்தமா படகு வச்சு மீன் புடிச்சு தலைக்கு நாலு பேருக்கு சோறு போட்டவங்க அவங்க. அடுத்தவங்க உடுத்திக் கழிச்சத உடுத்த மாட்டோம்னு சொன்னத சில பேர் திமிருன்னாங்க. நம்ம வீட்டு ஆத்தாவுக்கு அப்படி ஒரு மூட்டைய யாராவது குடுத்தா வாங்குவாங்களா, சொல்லுங்க. அந்தத் துணிய அள்ளி அப்புறப்படுத்தறதே நகராட்சிக்கு ஒரு தனி வேலையா ஆயிடுச்சு.

பின்ன என்னதான் அனுப்பறது?

காசு. எனக்கும் சொல்ல கூச்சமாத்தான் இருக்கு, ஆனா காசுதான். காசு இருந்தா அங்க பக்கத்து ஊர்லயே தேவையானத வாங்கிடுவாங்க, அந்த ஊரு கடக்காரனும் பொழப்பான்.

சாமானா போனா என்ன ஆகும்னா, 1988 டிசம்பர்ல ஆர்மீனியாவுல நிலநடுக்கம், 25,000 பேர் கிட்ட செத்தாங்க. உலகமே உருகி மருந்து அனுப்புச்சு, கிட்டத்தட்ட 5,000 டன். அதுல முப்பது சதவீதம் மாதிரிதான் ஒடனே எடுத்து பயன்படுத்தற நெலமையில இருந்துச்சு. மிச்சத்துல லேபிள் புரியல, தேதி முடிஞ்சது, அங்க தேவையே இல்லாதது. இருவது சதவீதத்த அழிக்கவே வேண்டியதா போச்சு. அள்ளிக் குடுக்கறேன்னு அடுத்தவன் தலையில குப்பைய கொட்டுன கததான்.

பால் பவுடர் அனுப்பறேன்னு நெறைய அக்காங்க கேப்பாங்க, கைக்கொழந்த பாவம்னு. அது இன்னும் மோசம். நல்ல தண்ணி இல்லாத எடத்துல பவுடர கலக்கிக் குடுத்தா வயித்தால போயி கொழந்தைக்குத்தான் ஆபத்து, அதனால யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் இஷ்டத்துக்கு பால் பவுடர் அனுப்பாதீங்கன்னுதான் சொல்றாங்க.

காச எவனாவது தின்னுட்டா?

திம்பான், சில எடத்துல. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். துருக்கியில 2023ல என்ன நடந்துச்சு தெரியுமா, ஜனங்க பனியில நடுங்கிட்டு கூடாரம் இல்லாம கெடக்கறப்ப அந்த நாட்டு செம்பிறைச் சங்கம், அதாவது நம்ம செஞ்சிலுவை மாதிரி, 2,000 சொச்சம் கூடாரத்த இன்னொரு தர்ம அமைப்புக்கு காசுக்கு வித்துச்சு. வெளிய வந்தப்ப நாடே கொந்தளிச்சுது, கடைசியில தலைவர் பதவிய விட்டு போனாரு. ஹைட்டிக்கு 2010ல கோடி கோடியா டாலர் தர்றோம்னு நாடுங்க மேடையில அறிவிச்சாங்க, கைக்கு வந்தது லேட்டு, வந்ததுலயும் பெரும்பங்கு ஹைட்டி அரசாங்கத்து கைக்கே போகல, வெளிநாட்டு அமைப்பு, வெளிநாட்டு கான்ட்ராக்டர்னு சுத்தி வந்துச்சு.

அதுக்காக குடுக்காம இருக்கணும்னு இல்ல. நிலநடுக்கத்துக்கு முன்னாடியே அந்த ஊர்ல வேல பாத்துகிட்டு இருந்த அமைப்பா பாத்து குடுங்க. சம்பவம் நடந்த மறுநாள் பேர் வச்ச டிரஸ்ட்டுக்கு குடுக்காதீங்க. இந்திய செஞ்சிலுவைச் சங்கம் இருக்கு. சில சமயம் அந்தந்த நாட்டு தூதரகமே டெல்லியில லிஸ்ட் போட்டு இதுதான் வேணும்னு சொல்லும், துருக்கிக்கு அப்படி சொன்னாங்க. லிஸ்ட்ல இருக்கறத மட்டும் குடுத்தா சாமானும் தப்பில்ல.

நம்ம ஊர்ல அரிசி வெளையுது. லாரி புடிச்சு அனுப்பிட்டா என்ன?

இத நானே பண்ணி மாட்டிருக்கேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

2015 ஏப்ரல் 25 நேபாளம். 7.8, மத்தியானத்துக்கு முன்னாடி, 9,000 பேர் கிட்ட போயிட்டாங்க. சம்பா அறுத்து வித்து கையில கொஞ்சம் காசு பொழங்கற நேரம், எல்லாரும் நல்ல மனசோட குடுத்தாங்க. 40 மூட்டை புழுங்கலரிசி சேந்துச்சு. எங்க தெருவுல ஒரு சாவடி, அதுல அடுக்கி வச்சு மேல தார்ப்பாய் போட்டோம். ஒரு ஃபிளெக்ஸும் அடிச்சோம், அதுல எங்க போட்டோ அஞ்சு, நேபாளம் போட்டோ ஒண்ணு. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அப்பறம் லாரிக்காரர்கிட்ட கேட்டா சொன்ன வாடகையில அங்கயே போயி அதே மாதிரி இன்னொரு மடங்கு அரிசி வாங்கிடலாம். சென்னைல ஒரு எடத்துல குடுத்தா அவங்க அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க, போய் பாத்தா அங்க குடோன் முழுக்க ஏற்கனவே வந்த சாமான் தேங்கிப் போய் கெடக்கு, எப்ப போகும்னு யாருக்கும் தெரியல. காத்மாண்டு ஏர்போர்ட்டுல இருக்கறதே ஒரு ரன்வே, அதுலயும் வெடிப்பு விட்டு பெரிய வெயிட் பிளேன் எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. வந்த சாமான் கஸ்டம்ஸ்ல மாட்டுதுன்னு ஐநா ஆளுங்களே பொலம்புனாங்க. இதுல நம்ம 40 மூட்டை எங்க போயி சேர்றது. அதோட அங்க ஜனங்களுக்கு வீடே இல்ல, அடுப்பு இல்ல, வெறகு இல்ல, புழுங்கலரிசிய வச்சு என்ன பண்ணுவாங்க, அவுல் குடுத்தாலாவது நனச்சு திம்பாங்க.

மூணு வாரம் சாவடியில கெடந்துச்சு, எலி வேற. கடைசியில மில்லுக்காரர்கிட்டயே வித்து காச டிராஃப்ட் எடுத்து அனுப்புனோம். மூட்டைக்கு வெலையில அடிச்சுட்டாரு மனுசன். குடுத்த ஜனங்ககிட்ட ஒவ்வொரு வீடா போயி கணக்கு சொன்னது தனிக் கத, ஒரு ஆயா "அப்பவே காசா கேட்டிருக்கலாம்ல தம்பி, நான் அரிசிய ரேஷன்லேர்ந்து மிச்சம் புடிச்சுல்ல குடுத்தேன்"னுச்சு.

வெளிநாட்டு மீட்பு டீம்லாம் ஏன் ஒடனே போகாம ரெண்டு நாள் இழுக்கறாங்க?

கூப்பிடாம போக முடியாது, அதான் மொத காரணம். பாதிச்ச நாடு உதவி வேணும்னு சொல்லணும், இல்ல வர்றோம்னு சொன்னவங்கள சரி வாங்கன்னு ஒத்துக்கணும். அடுத்தவன் வாசல்ல தீப்பிடிச்சா ஓடிப் போயி தண்ணி ஊத்தலாம், நாட்டுக்கு அப்படி இல்ல, எல்ல இருக்கு, ராணுவம் இருக்கு, கௌரவம்னு ஒண்ணு இருக்கு.

1985 மெக்சிகோ, 1988 ஆர்மீனியா ரெண்டுலயும் ஆளாளுக்கு வந்து எறங்கி ஒருத்தர் தேடுன கட்டடத்தயே இன்னொருத்தர் தேடி குழப்பம் ஆனதாலதான் 1991ல ஐநாவுல இன்சராக்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. இப்ப டீமோட திறமைய பாத்து லைட், மீடியம், ஹெவின்னு வகை பிரிச்சிருக்காங்க, ஏர்போர்ட்டுலயே பதிவு பண்ணி எந்த ஏரியான்னு சொல்லி விடுவாங்க, தேடி முடிச்ச கட்டடத்து செவுத்துல ஸ்பிரே பெயிண்ட்ல குறி போடுவாங்க. நம்ம ஊர்ல போலியோ சொட்டு மருந்து குடுத்துட்டு வீட்டு நிலையில சாக்பீஸ்ல எழுதிட்டுப் போவாங்களே, அது மாதிரின்னு வச்சுக்கங்க.

ஆனா ஒண்ணு, இடிபாட்டுலேர்ந்து உயிரோட எடுக்கறதுல பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன் கைதான். மொத நாளே, கடப்பாரையும் கார் ஜாக்கியும் வச்சு. 72 மணி நேரம் தாண்டுனா வாய்ப்பு மடமடன்னு கொறையும். வெளிநாட்டு டீம் நூத்துக்கணக்குல உயிர எடுக்கும்னு டிவி பாத்து நெனைக்கறோம், அது கம்மி. அவங்க போடற கள ஆஸ்பத்திரி, கூடாரம், தண்ணி சுத்திகரிக்கற மிஷின் இதுதான் நெறைய பேர காப்பாத்துது.

சிரியா கத ரொம்ப கொடும. 2023 பிப்ரவரி 6 விடியக்கால 4:17க்கு துருக்கியில அடிச்ச அதே 7.8 தான் அங்கயும். மத்தியானம் 7.5 இன்னொண்ணு. துருக்கியில 53,000 பேருக்கு மேல சாவு, ஆனா அங்க தொண்ணூறு நாடு மாதிரி வந்து எறங்குனாங்க, 11,000 வெளிநாட்டு மீட்பு ஆளுங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் சிரியா வடமேற்கு, அப்ப உள்நாட்டுப் போர் நடந்துகிட்டு இருந்த எடம், அங்க ஐநா வண்டி போக ஒரே ஒரு வாசலுக்குத்தான் அனுமதி இருந்துச்சு, பாப் அல் ஹவா. மொத ஐநா லாரி போனதே 9ஆம் தேதி. இன்னும் ரெண்டு வாசல தொறக்க சம்மதம் வந்தது 13ஆம் தேதி. அதுக்குள்ள ஒரு வாரம் ஆச்சு, அவ்ளோ நாள் கழிச்சு எவன் உயிரோட இருப்பான்? அந்த மக்கள நாங்க கைவிட்டுட்டோம்னு ஐநாவோட நிவாரணத் தலைவரே ஒத்துகிட்டாரு. அங்க தோண்டுனது பெரும்பாலும் வெள்ளை ஹெல்மெட்னு சொல்ற உள்ளூர் ஆளுங்கதான்.

மியான்மர்லயும் அப்படித்தான், 2025 மார்ச் 28, வெள்ளிக்கெழம, ரமலான் கடைசி வெள்ளி, மாண்டலே சகாயிங் பக்கம் ஜும்மாவுக்கு கூடியிருந்த மசூதிங்களே நெறைய இடிஞ்சு விழுந்துச்சு. நாகூர், கூத்தாநல்லூர் ஆளுங்க அத பத்தி கேட்டப்ப எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ராணுவ ஆட்சி வழக்கமா யாரையும் உள்ள விடாது, இந்தத் தடவ அவங்களே உதவி கேட்டாங்க, கேட்டுகிட்டே இன்னொரு பக்கம் குண்டும் போட்டாங்க. சண்ட நிறுத்தம்னு அறிவிக்கவே ஏப்ரல் 2 ஆச்சு.

நம்ம நாடு என்ன பண்ணுது, சும்மா மீட்புப் பணிக்கு பேர் வைக்கறதோட சரியா?

பேர் வைக்கறதுல நம்மாளுங்கள அடிச்சுக்க முடியாது, அது உண்மை. நேபாளத்துக்கு மைத்ரி, துருக்கிக்கு தோஸ்த், மியான்மருக்கு பிரம்மா. ஆனா வேலையும் நடக்குது. நேபாளத்துக்கு அன்னிக்கே விமானம் போச்சு, தேசிய பேரிடர் மீட்புப் படையில 16 டீம் போனாங்க. துருக்கியில இஸ்கெந்தருன்னு ஒரு ஊர்ல நம்ம ராணுவம் கள ஆஸ்பத்திரி போட்டு மூவாயிரத்துக்கு மேல ஆளுங்களுக்கு வைத்தியம் பாத்துச்சு. நூர்தாகில இடிபாட்டுக்குள்ள ஒரு ஆறு வயசு பொண்ணு இருக்கறத காட்டிக் குடுத்தது நம்ம படையோட மோப்ப நாய்ங்க, ரோமியோ ஜூலின்னு பேரு. மியான்மருக்கு சட்புரா, சாவித்ரின்னு ரெண்டு போர்க்கப்பல்ல சாமான் போச்சு, மாண்டலேல ஆஸ்பத்திரி போட்டாங்க.

இந்தப் படையே 2006லதான் வந்துச்சு, 2004 சுனாமிக்கு அப்பறம் போட்ட 2005 பேரிடர் சட்டத்தால. அதுல நாலாவது பட்டாலியன் நம்ம அரக்கோணத்துல இருக்கு. கஜாவுக்கு எங்க பக்கம் வந்து மரம் அறுத்தது அவங்கதான். 2011ல ஜப்பானுக்கே 46 பேர் போயி ஒனகவாங்கற ஊர்ல பொணம் தேடிக் குடுத்தாங்க. ஜப்பான்காரனுக்கே உதவியா பாருங்க, எவ்ளோ பெரிய பணக்காரனா இருந்தாலும் சாவு வீட்டுக்கு நாலு ஆள் வேணும்.

துருக்கிக்கு அவ்ளோ பண்ணோம், 2025 மே மாசம் சண்டையில அவங்க பாகிஸ்தான் பக்கம் நின்னாங்க. இனிமே எதுக்குங்க பண்ணனும்?

டீக்கடையில இதுக்கே அடிதடி வரைக்கும் போச்சு. துருக்கி ஆப்பிள் வேணாம், துருக்கி டூர் வேணாம்னு நாடு முழுக்க ஓடுன நேரம். நானும் கடுப்பானவன்தான், மறைக்கல.

ஆனா பழைய கணக்க கொஞ்சம் பொரட்டிப் பாருங்க. 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கத்துக்கு பாகிஸ்தான்லேர்ந்தே கூடாரமும் கம்பளியும் விமானத்துல வந்துச்சு. 2005 அக்டோபர்ல காஷ்மீர்ல அடிச்சப்ப அவங்க பக்கம் 73,000 பேர் செத்தாங்க, நாம சாமான் அனுப்புனோம், எல்லைக் கோட்டுல அஞ்சு எடத்துல வழி தொறந்தாங்க. அதுலயும் ஒரு கூத்து. அவங்களுக்கு ஹெலிகாப்டர் தேவ, நாம தர்றோம்னோம், அவங்க ஹெலிகாப்டர் மட்டும் குடுங்க பைலட் வேணாம்னாங்க, நாம பைலட் இல்லாம தர மாட்டோம்னோம். மலையில ஜனம் கெடக்கு. கிரீஸும் துருக்கியும் ஜென்மப் பகையாளி, 1999 ஆகஸ்ட்ல துருக்கியில அடிச்சப்ப கிரீஸ்காரன் ஓடுனான், அடுத்த மாசமே ஏதென்ஸ்ல அடிச்சப்ப துருக்கிக்காரன் ஓடுனான். அதுக்கப்பறமும் சண்ட போட்டாங்க. 2023ல மறுபடி கிரீஸ் டீம் போச்சு.

நூர்தாகில அந்த பொண்ணுக்கு ஆறு வயசு. பாகிஸ்தானுக்கு ட்ரோன் வித்தது அது இல்ல. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம்.

சுனாமிக்கு வெளிநாட்டு அரசாங்கத்து காசு வேணாம்னு இந்தியா சொல்லுச்சாமே, நெசமா?

நெசம்தான். அப்ப மத்திய அரசு, நாங்களே பாத்துக்கறோம்னு சொல்லி மத்த நாட்டு அரசாங்கம் நேரா தர்ற நிவாரணத்த ஏத்துக்கல. ஏத்துக்காததோட விடல, நம்ம கப்பல்ங்க ஒடனே இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போச்சு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன், தொண்டு நிறுவனங்க காசு, இதெல்லாம் வந்துச்சு.

எங்க பக்கம் ரெண்டு விதமாவும் பேசுவாங்க. பெரிய மாமா கெத்துன்னுவாரு. அக்கரைப்பேட்டைல வாக்கப்பட்ட எங்க அத்த, "வேணாம்னு டெல்லியில சொன்னாங்க, பசி இங்கல்ல இருந்துச்சு"ன்னு சொல்லும். அதுக்கு அப்ப மூணு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்துச்சு, மூணு வேற வேற அமைப்பு, ஒண்ணுக்கும் மண்ணெண்ணெய் இல்ல. தொண்டு நிறுவனங்க காசு கொட்டுனதுல இன்னொண்ணும் நடந்துச்சு, எல்லாரும் ஃபைபர் படகு குடுத்தாங்க, ஏன்னா படகு குடுக்கறது போட்டோவுக்கு நல்லா இருக்கும். சுனாமிக்கு முன்னாடி இருந்தத விட படகு கூடிப் போச்சு, அதுல பாதி தரம் இல்லாதது, கூடவே கடல்ல மீனுக்குப் போட்டி. கூலிக்கு போயிகிட்டு இருந்தவங்க, கருவாடு வித்த பொம்பளைங்க, பின்னாடி நெலத்துல உப்பேறிப் போன விவசாயக் கூலிங்க, இவங்களுக்கு கடைசியிலதான் வந்துச்சு. ஆனா நாகப்பட்டினத்துல கலெக்டர் ஆபீஸோட சேந்து தொண்டு நிறுவனங்கள ஒருங்கிணைக்க ஒரு மையம் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்பறம் யார் எந்த குப்பத்துக்கு என்ன குடுக்கறதுன்னு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்துச்சு, அது நல்ல விஷயம்.

உதவி பண்ண வர்றவங்க மேலயே ஜனங்க ஏன் கோவப்படறாங்க? நன்றி இல்லாத ஜனமா?

கஜா அப்ப எங்க ஊர்ல மறியல் நடந்துச்சு, நானும் உக்காந்தேன். வர்ற வண்டி எல்லாம் மெயின் ரோட்டுலயே நிக்கும், ரோட்டோரத்து ரெண்டு ஊருக்கு தண்ணி பாட்டிலும் பிரெட்டும் மெழுகுவத்தியும் அஞ்சு தடவ கெடைக்கும், வாய்க்கா தாண்டி உள்ள இருக்கற தெருவுக்கு ஒரு தடவ கூட வராது, அதுவும் காலனித் தெருன்னா கேக்கவே வேணாம். அந்த கோவத்த புரிஞ்சுக்காம அதிகாரி ஒருத்தர் வந்து வெரட்டுனாரு. பேர் வேணாம்.

துருக்கியில கோவம் கட்டடம் கட்டுனவங்க மேல. அன்டாக்யாவுல 12 மாடி, சொர்க்கத்தோட ஒரு மூலைன்னு விளம்பரம் பண்ணி வித்தது, 2013லதான் கட்டுனது, அப்படியே சாஞ்சுடுச்சு, கட்டுன ஆள் நாட்ட விட்டு ஓடப் பாத்து ஏர்போர்ட்டுல புடிச்சாங்க. விதிமீறி கட்டுனதுக்கு அபராதம் கட்டிட்டு சரி பண்ணிக்கலாம்னு அரசாங்கமே 2018ல மன்னிப்பு குடுத்திருந்துச்சு, 1999லேர்ந்து நிலநடுக்க வரின்னு வசூலிச்ச காசு எங்கன்னும் கேட்டாங்க. கேள்வி கூடவும் ட்விட்டர கொஞ்ச நேரம் முடக்கிட்டாங்க, இடிபாட்டுக்குள்ள இருந்து அட்ரஸ் போட்டு உதவி கேட்டுகிட்டு இருந்தவன் அதுலதான் கேட்டுகிட்டு இருந்தான். நேபாளத்துல கோவம் நம்ம டிவி மேல, மகன இழந்த தாய்கிட்ட மைக்க நீட்டி எப்படி ஃபீல் பண்றீங்கன்னா? இந்திய மீடியாவே வீட்டுக்குப் போன்னு ஹேஷ்டேக் போட்டாங்க, போடணும்தான்.

கோவம் மட்டும் இல்ல. 2023 பிப்ரவரி 26 இஸ்தான்புல்ல பெசிக்தாஸ் டீம் ஃபுட்பால் மேட்ச், சரியா 4 நிமிஷம் 17 செகண்ட்ல ஆட்டத்த நிறுத்துனாங்க, அடிச்ச நேரம் 4:17ல்ல, அதுக்காக. கேலரியிலேர்ந்து ஆயிரக்கணக்குல பொம்மை மைதானத்துல வந்து விழுந்துச்சு, எல்லாம் அங்க உள்ள கொழந்தைங்களுக்கு.

பொணம் நெறைய கெடந்தா காலரா பரவுமாமே, அதான் மொத்தமா பொதைக்கறாங்களா?

இல்ல. நிலநடுக்கத்துல செத்தவங்க நோயில சாகல, அடிபட்டு செத்தாங்க, அந்த ஒடம்பாலயே கொள்ளநோய் வராதுன்னு உலக சுகாதார நிறுவனம் பல வருஷமா சொல்லிகிட்டு இருக்கு. நாகையில 2004ல அந்த பயத்துலயும் அவசரத்துலயும் குழி தோண்டி மொத்தமா பொதச்சாங்க, அதுல பல பேர் யாருன்னே தெரியாது, வேளாங்கண்ணிக்கு கிறிஸ்துமஸுக்கு வந்த வெளியூர் ஆளுங்க எத்தன பேர். போட்டோ எடுத்து வச்சு, நம்பர் போட்டு, தனித்தனியா பொதச்சா பின்னாடி தேடி வர்றவங்களுக்கு ஒரு எடமாவது கெடைக்கும். ஹைட்டியில காலரா வந்தது நெசம், ஆனா பொணத்தால இல்ல, அமைதிப்படைன்னு வந்த ஐநா ஆளுங்க முகாம் கழிவு ஆத்துல கலந்து வந்துச்சு, பத்தாயிரம் பேர் கிட்ட செத்தாங்க, அதுல தங்களுக்கும் பங்கு இருக்குன்னு ஐநா ஒத்துக்க 2016 ஆச்சு.

கொழந்த இல்ல எங்களுக்கு. அனாதையான ஒரு புள்ளைய தத்தெடுத்துக்கலாமா?

அக்கா, உங்க மனசு புரியுது, ஆனா ஒடனே முடியாது, முடியவும் கூடாது. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில இருப்பாங்க, சித்தப்பா வேற ஊர்ல தேடிகிட்டு இருப்பாரு. ஹைட்டியில இப்படித்தான் 33 புள்ளைங்கள அனாதைன்னு எல்ல தாண்டி கொண்டு போகப் பாத்து ஒரு அமெரிக்க கூட்டம் மாட்டுச்சு, பாத்தா பல புள்ளைக்கு பெத்தவங்க உயிரோட இருந்தாங்க. சுனாமிக்கு நாகையில அரசே காப்பகம் ஆரம்பிச்சு புள்ளைங்கள அங்கயே வளத்தாங்க. தத்து எடுக்கணும்னா முறையா பதிவு பண்ணி நம்ம ஊர்லயே எடுங்க.

அடுத்த நிலநடுக்கம் எப்பன்னு வாட்ஸ்அப்ல வருதே?

பொய். பெரிய நிலநடுக்கத்த இந்தத் தேதி இந்த எடம்னு இதுவரைக்கும் எவனும் முன்கூட்டி சொன்னதில்ல, அமெரிக்க புவியியல் ஆய்வு மையமே அப்படித்தான் சொல்லுது. துருக்கிக்கு மூணு நாள் முன்னாடி ஒருத்தர் சொன்னாரே, "சீக்கிரமோ தாமதமோ" வரும்னு சொன்னாரு. அப்படி நானும் சொல்லலாம், மேட்டூர்ல தண்ணி சீக்கிரமோ தாமதமோ தொறப்பாங்கன்னு.

வதந்தி என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாததா. 2004 டிசம்பர் 30, மறுபடி அல வருதுன்னு டெல்லியிலேர்ந்தே எச்சரிக்க, கடக்கர மொத்தமும் பொணத்த போட்டது போட்டபடி ஓடுச்சு, ஒண்ணும் வரல. சுனாமிக்கு எச்சரிக்க குடுக்க முடியும், அது வேற, குலுங்குனதுக்கு அப்பறம் அல வர நேரம் இருக்குல்ல. 2007லேர்ந்து ஹைதராபாத் மையம் அத பாத்துக்குது. போட்டோவும் நம்பாதீங்க, துருக்கி அப்ப ஒரு தீயணைப்பு வீரர் கொழந்தைய தூக்கிட்டு நிக்கற படம் வந்து எல்லாரும் அழுதாங்க, எண்ணிப் பாத்தா கையில ஆறு விரல், கம்ப்யூட்டர் வரஞ்சது. அதுக்கு கீழதான் காசு அனுப்பற நம்பர் இருக்கும், அதுக்குத்தான் படமே.

சிங்கப்பூர்ல இருக்கற மச்சான் காசு அனுப்பறேங்கறான். நம்ம சங்கத்து அக்கவுண்ட்ல வாங்கலாமா?

மச்சான் இந்திய பாஸ்போர்ட்டா, அவர் சம்பாத்தியத்துலேர்ந்து பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொட கணக்குல வராது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா வரும், அப்ப சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொட வாங்கறதுக்கான பதிவு இருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தனி அக்கவுண்ட் இருக்கணும். நம்ம மன்றத்துக்கு சங்கப் பதிவே புதுப்பிக்கல. அவர நேரா அங்க இருக்கற செஞ்சிலுவைக்கே போடச் சொல்லுங்க.

வரி விலக்கு கேக்கறவங்களுக்கு, அது பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான், ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா அதுவும் கெடையாது. பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி ரெண்டுக்கும் முழு விலக்கு.

நம்ம டெல்டாவுல வருமா?

பெருசா வர்ற எடம் இல்ல. 2001 செப்டம்பர் 25 பாண்டிச்சேரிக்கு நேரா கடல்ல 5.5 வந்துச்சு, நம்ம பக்கமும் பாத்திரம் ஆடுச்சு. ஆனா நம்ம மண்ணு ஆறு கொண்டாந்து போட்ட வண்டல், மெதுமெதுன்னு இருக்கும், அந்த மாதிரி மண்ணு குலுக்கல பெருசாக்கும், மெக்சிகோ சிட்டி பழைய ஏரி மண்ணு மேல இருந்ததாலதான் 1985ல 350 கிலோமீட்டருக்கு அப்பால வந்ததுக்கே நொறுங்குச்சு. அளவு மட்டும் கணக்கில்ல, ஆப்கானிஸ்தான்ல 2025 ஆகஸ்ட் 31 ராத்திரி வந்தது வெறும் 6.0 தான், 2,200 பேருக்கு மேல போயிட்டாங்க, மலையோரத்து மண் வீடு, எல்லாரும் தூங்கற நேரம். வீடு கட்டறப்ப கொத்தனார்கிட்ட தூண்ல வளையத்த நெருக்கிக் கட்டச் சொல்லுங்க, கம்பிய மிச்சம் புடிக்க வேணாம்.

சரி, அந்த ரெண்டு மூட்டை பழைய துணிய என்னதான் பண்றது?

நூல் புடவையா இருந்தா தனியா எடுத்து வைங்க, எங்க தெருவுல ஒரு பாட்டி நாலு புடவைய அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு தூளிக்கும் விரிப்புக்கும் தச்சுக் குடுக்கும், கூலி குடுத்துடணும். பாலியஸ்டர்னா அது வாங்காது. நேபாளத்துக்குன்னு அன்னிக்கு அரிசியோட வந்த துணி மூட்டைய அதுகிட்டதான் குடுத்தோம், பிரிச்சுப் பாத்துட்டு பாதிக்கு மேல திருப்பி எங்க சாவடியிலயே கொண்டாந்து வச்சிட்டு போயிடுச்சு.